நெட் போச்சா, எங்க போச்சு? தானா செக் பண்ற ஸ்கிரிப்ட் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூர்ல எங்க புளோக்ல இருக்கவங்க, சொந்தக்காரங்க வாட்ஸப் குரூப், தேக்கா பக்கம் கடை வச்சிருக்க ரெண்டு மூணு அண்ணனுங்க, எல்லாரும் சுத்திச் சுத்தி இந்த ஸ்கிரிப்ட் பத்தி, அதாவது கம்ப்யூட்டர் தானா ஓட்டுறதுக்குக் கமாண்டெல்லாம் எழுதி வச்ச ஃபைல் பத்திதான் கேக்குறாங்க, நானும் வாய்ஸ் மெசேஜ்ல சொல்லிச் சொல்லி தொண்டை காஞ்சதுதான் மிச்சம், அதான் உக்காந்து எழுதிட்டேன். கேள்விங்க கேட்டவங்க வாய்ல வந்த மாதிரியே இருக்கு. கமாண்டெல்லாம் போன்ல சொல்ற மாதிரி தமிழ்லயே போட்டிருக்கேன், கீபோர்டுல இங்கிலீஷ் சின்ன எழுத்துல அடிங்க, பெரிய எழுத்து வேணும்ங்கிற இடத்துல நானே சொல்லிடுறேன்.

நெட் இருக்கா இல்லையான்னு போனைப் பாத்தாலே தெரியுதே, இதுக்கெதுக்கு ஸ்கிரிப்ட்?

போனைப் பாத்தா தெரியாதுங்க, அதான் பிரச்சினையே. வீட்டு வைஃபை செத்ததும் போன் சத்தமில்லாம மொபைல் டேட்டாவுக்குத் தாவிடும், நீங்க பாட்டுக்கு வீடியோ பாத்துட்டு இருப்பீங்க, உள் ரூம்ல பையன் ஆன்லைன் கிளாஸ்ல தவிச்சிட்டு இருப்பான்.

அப்படியே தெரிஞ்சாலும், டெல்கோவுக்கு, அதாவது நெட் கனெக்ஷன் தர்ற கம்பெனிக்குப் போன் போட்டதும் அவங்க கேக்குற முதல் கேள்வி எப்பலேர்ந்து போகுதுங்கிறதுதான். "ராத்திரி ஒரு எட்டு எட்டரை இருக்கும், அடிக்கடி போகுது"ன்னு சொன்னா எதிர்ல இருக்கவருக்கு ஒண்ணும் பிடிபடாது, ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கன்னுதான் சொல்வார். ஸ்கிரிப்ட் செய்யுறது ஒரே வேலை, எத்தனை மணிக்குப் போச்சு, எந்த இடத்துல அறுந்துச்சு, எப்ப திரும்பி வந்துச்சுன்னு நீங்க தூங்கும்போதும் எழுதி வைக்கும். நெட்டை அது சரி பண்ணாது, அதை எதிர்பார்த்து வராதீங்க.

பிங்குன்னா என்ன தம்பி, அது ஏதும் வைரஸா?

இல்ல அண்ணே. ஒரு மெஷின்ல இருந்து இன்னொரு மெஷினுக்கு "இருக்கியா"ன்னு சின்னதா ஒரு பொட்டலம் அனுப்புறது, அது "இருக்கேன்"னு திருப்பி அனுப்பும், போய்ட்டு வர எத்தனை மில்லிசெகண்ட் ஆச்சுன்னு கணக்கு வரும், அவ்ளோதான். 1983 டிசம்பர்ல அமெரிக்காவுல மைக் மூஸ்ங்கிறவர் எழுதினது, நீர்மூழ்கிக் கப்பல் சோனார்ல வர்ற சத்தத்தை வச்சு பேரு வச்சார். விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாத்துலயும் ஏற்கெனவே இருக்கு, எதையும் டவுன்லோட் பண்ண வேணாம். யாராவது பிங் பண்ண ஆப் வாங்கச் சொன்னா வாங்காதீங்க.

எனக்கு ப்ரோக்ராமிங்கே தெரியாது, எத்தனை வரி எழுதணும்?

விண்டோஸ்ல மூணு வரி போதும். நோட்பேட் திறங்க. முதல் வரி, பிங், மைனஸ் 4, மைனஸ் என் 3, மைனஸ் டபிள்யூ 2000, அப்புறம் 1.1.1.1, நடுவுல இடைவெளி விடணும். என் 3ன்னா மூணு தடவை, டபிள்யூ 2000ன்னா ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு செகண்ட் வரைக்கும் காத்திரு. அதே வரியில பைப் குறி (|) போட்டு ஃபைண்ட், டபுள் கோட்ஸுக்குள்ள டிடிஎல் சமன் குறி (TTL=), இந்த டிடிஎல் மட்டும் பெரிய எழுத்துல. இது எதுக்குன்னு பின்னாடி ஒரு கேள்வியில வருது, இப்ப அப்படியே போடுங்க. அடுத்த ரெண்டு வரி, கிடைச்சா தேதி நேரத்தோட ஓகேன்னு எழுது, கிடைக்கலைன்னா டவுன்னு எழுது. எழுதுறதுக்கு எக்கோ, அப்புறம் ரெண்டு அம்புக்குறி >> போட்டு ஃபைல் பேரு. ஒரே ஒரு அம்புக்குறி போட்டீங்கன்னா ஒவ்வொரு தடவையும் பழசை அழிச்சிட்டு புதுசா எழுதும், ஒரு வாரம் கழிச்சுத் திறந்தா ஒரே ஒரு வரி இருக்கும், என் மச்சான் அப்படித்தான் ஒரு வாரத்தைத் தொலைச்சான்.

சேவ் பண்ணும்போது ரெண்டு கண்ணி இருக்கு. நோட்பேட் பின்னாடி டாட் டிஎக்ஸ்டின்னு சேர்த்துடும், டாட் பேட்னு (.bat) முடியுதான்னு பாருங்க, ஆல் ஃபைல்ஸ்னு செலக்ட் பண்ணி சேவ் பண்ணுங்க. இன்னொண்ணு, ஃபைலுக்கு பிங்னே பேரு வச்சிடாதீங்க. விண்டோஸ் முதல்ல அதே ஃபோல்டர்லதான் தேடும், அப்ப உங்க ஸ்கிரிப்ட் நிஜ பிங்கைக் கூப்பிடாம தன்னையே கூப்பிட்டுக்கிட்டு சுத்திக்கிட்டே இருக்கும். நெட்செக்குன்னு ஏதாவது வைங்க.

எதைப் பிங் பண்றது? கூகுளைப் பண்ணா போதாதா?

போதாது. கூகுள் வரலைன்னா நெட் போச்சுன்னு தெரியும், எங்க போச்சுன்னு தெரியாது. மூணு இடத்தைக் கேக்கணும். ஒண்ணு உங்க வீட்டு ரூட்டர், அதோட நம்பர் கமாண்ட் ப்ராம்ப்ட்ல ஐபிகான்ஃபிக்னு அடிச்சா டிஃபால்ட் கேட்வேன்னு காட்டும், பெரும்பாலும் 192.168ல ஆரம்பிக்கும். ரெண்டு, வெளிய இருக்க ஒரு நம்பர், 1.1.1.1 இல்லன்னா 8.8.8.8, முதலாவது கிளவுட்ஃபிளேரோடது, அடுத்தது கூகுளோடது. மூணு, நம்பரா இல்லாம பேரா இருக்க ஒரு வெப்சைட்.

ரூட்டரே பதில் சொல்லலைன்னா பிரச்சினை உங்க வீட்டுக்குள்ள, டெல்கோவைத் திட்டாதீங்க. ரூட்டர் ஓகே, வெளி நம்பர் டவுன்னா ஓஎன்டி பாக்ஸ், அதாவது ஃபைபர் வயர் வந்து சேர்ற பெட்டி, அதுல இருந்து அந்தப் பக்கம். நம்பர் ரெண்டும் ஓகே, பேரு மட்டும் டவுன்னா டிஎன்எஸ், அதாவது பேரை நம்பரா மாத்திக் குடுக்குற இடம் மக்கர் பண்ணுது, லைன் நல்லாத்தான் இருக்கு.

இது எவ்ளோ உதவும்னா, தேக்கா பக்கம் ஒரு மளிகைக் கடை அண்ணன் சாயங்காலமானா கார்டு மெஷின் வேலை செய்யலைன்னு டெல்கோவுக்கு மூணு தடவை போன் போட்டுட்டார், அவங்க லைன் நல்லா இருக்குன்னே சொல்லிட்டு இருந்தாங்க. கல்லாவுல இருக்க கம்ப்யூட்டர்ல ஒரு வாரம் ஓட விட்டேன். தினமும் 19:05, 19:10 ரெண்டு வரியிலயும் மூணுமே டவுன், ரூட்டரும் சேர்த்து, 19:15க்கு எல்லாம் ஓகே. எட்டாவது நாள் நானே ஏழு மணிக்குப் போய் நின்னேன். கடைப் பையன் உள்ள வந்தான், டீ போட கெட்டிலை எடுத்தான், சொருக பிளக்கு காலியா இல்லை, ரூட்டர் பிளக்கைப் பிடுங்கிட்டு கெட்டிலைச் சொருகினான். தண்ணி கொதிச்சதும் பழையபடி ரூட்டரை மாட்டினான், அது முழிச்சு வர இன்னும் மூணு நிமிஷம். அண்ணன் அன்னிக்கே முஸ்தபால போய் ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கினார்.

எத்தனை நிமிஷத்துக்கு ஒருக்கா ஓட விடணும், டேட்டா தின்னுடுமா?

வீட்டுக்கு 5 நிமிஷம் சரி. ஒரு நாளைக்கு 288 தடவை. விண்டோஸ் பிங் ஒண்ணு 32 பைட், தலைப்பு 28 பைட் சேர்த்து 60, போறதும் வர்றதும் 120. வெளிய ரெண்டு இடத்துக்கு மூணு மூணுன்னா ஒரு தடவைக்கு 720 பைட், நாள் பூரா ஓடினாலும் 200 கேபி கிட்டத்தான், மாசத்துக்கு 6 எம்பி சொச்சம். காலையில குரூப்ல வர்ற ஒரு குட்மார்னிங் வீடியோ அதைவிட சாப்பிடும்.

ரெண்டு நிமிஷத்துல போய்ட்டு வர்ற கட்டைப் பிடிக்கணும்னா 5 நிமிஷ இடைவெளியில நழுவிடும், அப்ப 1 நிமிஷம் வைங்க, 1440 தடவை ஆகும். ஸ்கிரிப்ட் எழுதி வைக்கிற லாக் ஃபைலும் பெருசாகாது, வரிக்கு 60 எழுத்துன்னு வச்சா 1 நிமிஷத்துக்கு ஒருக்கா ஓட்டினாலும் வருஷத்துக்கு 32 எம்பிக்குள்ள.

சரி, விண்டோஸ்ல தானா ஓட வைக்கிறது எப்படி?

டாஸ்க் ஷெட்யூலர்னு தேடினா வரும். கிரியேட் டாஸ்க் அழுத்துங்க, கிரியேட் பேசிக் டாஸ்க் வேணாம், அதுல வேணும்ங்கிற ஆப்ஷன் இருக்காது. ட்ரிகர்ல ரிப்பீட் எவ்ரி 5 நிமிஷம்னு வச்சுட்டு பக்கத்துல டியூரேஷனை இன்டெஃபினிட்லின்னு மாத்துங்க, அது சும்மா விட்டா 1 நாள்னு இருக்கும், மறுநாள் நின்னுடும். 1 நிமிஷம் வேணும்னா லிஸ்ட்ல இருக்காது, கையால அடிச்சா எடுத்துக்கும். ஆக்ஷன்ல உங்க ஃபைலைக் காட்டிட்டு கீழ ஸ்டார்ட் இன் கட்டத்துல அந்த ஃபோல்டர் பேரையும் போடுங்க, போடலைன்னா லாக் ஃபைல் சிஸ்டம் ஃபோல்டர்ல எங்கயோ போய் உக்காரும், இல்ல எழுதவே முடியாம போய்டும்.

லேப்டாப்காரங்க கண்டிஷன்ஸ் டேப்பை மறக்காதீங்க. சார்ஜர் மாட்டியிருந்தாத்தான் ஓடணும்னு ஏற்கெனவே டிக் போட்டிருக்கும், அதை எடுத்து விடுங்க. "நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சு, இன்னிக்கு ஓடலை"ன்னு வர்றவங்கள்ல பாதிப் பேரு சார்ஜரைக் கழட்டினவங்கதான்.

5 நிமிஷத்துக்கு ஒருக்கா கறுப்பு விண்டோ ஒண்ணு மின்னி மறையுது, ஹேக் பண்ணிட்டாங்களா?

உங்க ஸ்கிரிப்ட்தாங்க அது! டாஸ்க்கோட ஜெனரல் டேப்ல யூசர் லாகின் ஆகியிருந்தாலும் இல்லாட்டியும் ஓடுங்கிற ஆப்ஷனை வைங்க, விண்டோ வராது. பாஸ்வேர்ட் கேக்கும், தினமும் அடிக்கிற பின் நம்பரை அடிச்சா ஏத்துக்காது, நிஜ பாஸ்வேர்ட் வேணும். நிறைய பேருக்கு அது மறந்தே போயிருக்கும், அதுக்கு நான் பொறுப்பில்ல.

பழைய ராஸ்பெர்ரி பை ஒண்ணு சும்மா கெடக்கு, அதுல போடலாமா?

அந்தக் குட்டிக் கம்ப்யூட்டர்தான் இந்த வேலைக்குப் பொறந்தது, லேப்டாப் மாதிரி தூங்காது. சிம் லிம்ல வாங்கிட்டு அலமாரியில போட்டு வச்சிருக்கவங்க எடுங்க வெளிய. அது ஓடுறது லினக்ஸ்ல, அங்க கமாண்ட் கொஞ்சம் மாறும், எண்ணிக்கைக்கு மைனஸ் சி, காத்திருக்க மைனஸ் பெரிய டபிள்யூ, அது செகண்ட் கணக்கு, விண்டோஸ்ல மில்லிசெகண்ட். மேக்ல அதே பெரிய டபிள்யூ, ஆனா மில்லிசெகண்ட். லினக்ஸ் ஸ்கிரிப்ட்டை அப்படியே மேக்ல போட்டு 2ன்னு விட்டா 2 மில்லிசெகண்ட்தான் காத்திருக்கும், நல்ல லைனையும் டவுன்னு எழுதும். எண்ணிக்கையே போடாம விட்டா லினக்ஸ் பிங் நிக்கவே நிக்காது, விண்டோஸ்தான் 4 தடவையோட நிறுத்தும்.

தானா ஓட கிரான் இருக்கு. கிரான்டாப் (crontab) மைனஸ் இ ன்னு அடிச்சு `*/5 * * * *` போட்டு ஸ்கிரிப்ட்டோட முழு விலாசத்தை எழுதணும். மைனஸ் இ க்குப் பதிலா பக்கத்து எழுத்து ஆர் பட்டுச்சுன்னா இருக்க எல்லாத்தையும் கேக்காமலே அழிச்சிடும், கீபோர்டுல ரெண்டும் ஒட்டி ஒட்டி இருக்கு, யார் யோசிச்சு வச்சாங்களோ.

கையால ஓட்டினா ஓடுது, கிரான்ல போட்டா ஓட மாட்டேங்குது, ஏன்?

கிரான் உங்க வீட்டு ஆள் இல்ல, வெளியூர்க்காரன் மாதிரி. நீங்க லாகின் பண்ணா கிடைக்கிற பாதை எதுவும் அதுக்குத் தெரியாது, ரெண்டு மூணு ஃபோல்டர்லதான் தேடும். அதனால ஸ்கிரிப்ட் பேரு, லாக் ஃபைல் பேரு எல்லாத்தையும் சாய்கோட்டுல (/) ஆரம்பிச்சு முழுசா எழுதுங்க. ஸ்கிரிப்ட்டுக்கு ஓடுற அனுமதி குடுத்தீங்களான்னும் பாருங்க.

இன்னொரு திருட்டுக் கண்ணி சதவீதக் குறி. தேதி எழுத டேட் கமாண்ட்ல % போடுவோம்ல, கிரான்டாப் வரிக்குள்ள % வந்தா கிரான் அதைப் புது வரின்னு எடுத்துக்கிட்டு கமாண்டை அங்கயே வெட்டிடும். நான் ஒரு ஞாயித்துக்கிழமை பூரா இதுல விட்டேன். தேதி வேலையை ஸ்கிரிப்ட் ஃபைலுக்குள்ள வச்சுட்டு கிரான்ல ஃபைல் பேரை மட்டும் கூப்பிடுங்க, வம்பே இல்ல.

நெட் செத்துக் கெடக்குற நேரத்துலயும் லாக்ல ஓகேன்னு எழுதியிருக்கே?

இது விண்டோஸ்தானே? அதுக்குத்தான் மேல டிடிஎல் சமன் குறியைத் தேடச் சொன்னேன். போற வழி இல்லைன்னா உங்க மெஷினோ ரூட்டரோ "அந்த இடத்துக்குப் போக முடியலை"ன்னு ஒரு பதில் அனுப்பும். விண்டோஸ் பிங் அதையும் பதில்னு எண்ணிக்கிட்டு வெற்றின்னே கணக்கு சொல்லும், எரர்லெவல்ங்கிற முடிவு நம்பர் 0ன்னு வரும். தபால்காரர் லெட்டரைத் திருப்பிக் கொண்டாந்து குடுத்தா அதுவும் லெட்டர் வந்த கணக்குதான்னு சொல்ற மாதிரி. நிஜமான பதில்ல மட்டும்தான் டிடிஎல் இருக்கும், அதனால எரர்லெவலை நம்பாம அந்த எழுத்தைத் தேடணும்.

மைனஸ் 4 எதுக்குன்னா, வெப்சைட் பேரைப் பிங் பண்ணா சில லைன்ல ஐபிவி6ங்கிற புது வகை நெட் முகவரி வழியா போகும், அந்தப் பதில்ல விண்டோஸ் டிடிஎல்லைக் காட்டாது, அப்ப நல்ல லைனும் டவுன்னு பதிவாகும். லினக்ஸ்ல இந்தத் தொல்லை இல்ல, ஒரு பதிலாவது வந்தா 0, ஒண்ணுமே வரலைன்னா 1, பேரே கண்டுபிடிக்க முடியலை மாதிரி வேற கோளாறுன்னா 2.

மூணுல ஒரு பிங் மட்டும் தொலையுது, அதை டவுன்னு எடுத்துக்கணுமா?

வேணாம். வைஃபைல ஒண்ணு ரெண்டு தொலையுறது சகஜம், மூணும் தொலைஞ்சாத்தான் டவுன்னு எழுதுங்க. ஆனா ரூட்டருக்குப் போற பிங்கே அடிக்கடி தொலையுதுன்னா ரூட்டர் எங்க இருக்குன்னு பாருங்க. எங்க புளோக்ல பாதி வீட்டுல அது பாம் ஷெல்டருக்குள்ள, அரிசி மூட்டைக்கும் பழைய ஃபேனுக்கும் நடுவுல. நாலு பக்கமும் தடிச்ச கான்கிரீட், வாசல்ல இரும்புக் கதவு, குண்டையே தாங்கக் கட்டின ரூம்ல இருந்து வைஃபை வெளிய வரலையேன்னா எப்படி வரும்.

டவுன் ஆனா டெலிகிராம்ல அலர்ட் வரணும், எப்படி?

கொஞ்சம் யோசிங்க, நெட் போச்சுன்னு மெசேஜ் அனுப்ப நெட் வேணுமே! வீட்டுக்குள்ள இருக்க மெஷின் அந்த நேரத்துல வாயில்லாப் பூச்சி. ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, திரும்பி வந்ததும் "இத்தனை மணில இருந்து இத்தனை மணி வரைக்கும் இல்லை"ன்னு அனுப்பட்டும், டெலிகிராம்ல பாட் (bot), அதாவது தானா மெசேஜ் அனுப்புற கணக்கு ஒண்ணு உருவாக்கி, வெப்சைட்டைக் கூப்பிடுற கர்ல் (curl) கமாண்டால அனுப்பலாம், பாட்டோட டோக்கன் உங்க பூட்டுச் சாவி மாதிரி, ஸ்கிரிப்ட்டை யாருக்காவது பகிரும்போது அதை எடுத்துட்டுக் குடுங்க.

இன்னொண்ணு தலைகீழ் வழி, எனக்குப் பிடிச்சதும் இதுதான். வீட்டு மெஷின் 5 நிமிஷத்துக்கு ஒருக்கா வெளிய இருக்க ஒரு சர்வரைத் தட்டி "உயிரோட இருக்கேன்"னு சொல்லிட்டே இருக்கும், 15 நிமிஷமா தட்டலைன்னா அந்த சர்வர் உங்களுக்கு மெசேஜ் போடும். இதுல நெட் போனாலும் தெரியும், கரண்ட் போனாலும் தெரியும், ஸ்கிரிப்ட்டே செத்தாலும் தெரியும். வெளிய இருந்து வீட்டு ரூட்டரைப் பிங் பண்ணலாமேன்னு கேப்பீங்க, வெளிய இருந்து வர்ற பிங்குக்குப் பதில் சொல்லாம இருக்கத்தான் நிறைய ரூட்டர் செட் பண்ணியிருக்கு, அதை நம்ப முடியாது.

எந்த வழியானாலும் நிலைமை மாறும்போது மட்டும் மெசேஜ் வரட்டும். முந்தின நிலைமையை ஒரு சின்ன ஃபைல்ல எழுதி வச்சு, இப்ப இருக்கறதோட ஒப்பிட்டு, ஓகேல இருந்து டவுன், டவுன்ல இருந்து ஓகே, இப்படி மாறினா மட்டும் அனுப்புங்க. இல்லன்னா ஒரே ராத்திரியில அம்பது மெசேஜ் வரும், மறுநாள் நீங்களே மியூட் பண்ணிடுவீங்க.

நடுவுல ரெண்டு மணி நேரம் லாக்ல ஒண்ணுமே இல்ல, அப்ப நெட் டவுனா?

இல்ல, அது ஸ்கிரிப்ட்டே ஓடாத நேரம். லேப்டாப் தூங்கியிருக்கும், சார்ஜர் விஷயம் மேல சொன்னது, இல்ல கரண்ட் போயிருக்கும். இதுக்காகத்தான் ஓகேன்னு வர்ற வரியையும் எழுதுங்கன்னு அடிச்சிக்கிறேன். டவுனை மட்டும் எழுதுற ஸ்கிரிப்ட் அமைதியா இருந்தா எல்லாம் நல்லா இருக்கா, இல்ல ஸ்கிரிப்ட் போன மாசமே செத்துடுச்சான்னு கண்டுபிடிக்க முடியாது.

லாக்ல நேரம் தப்பா இருக்கு, காலைல 9 மணிக்கு நடந்தது 1 மணின்னு காட்டுது?

8 மணி நேர வித்தியாசம்னா அந்த மெஷின் யூடிசி, அதாவது உலகப் பொது நேரத்துல இருக்கு, வாடகைக்கு எடுக்குற கிளவுட் சர்வர்ங்க பெரும்பாலும் அப்படித்தான் வரும். டைம்சோனை ஏசியா சிங்கப்பூர்னு மாத்திடுங்க. ஒரு துணுக்கு, நமக்கே 1981 வரைக்கும் ஏழரை மணி நேரம்தான், 1982 ஜனவரி 1ல இருந்துதான் 8 ஆச்சு.

ராஸ்பெர்ரி பைல இன்னொரு சிக்கல், பை 4 வரைக்கும் உள்ள கடிகாரம் கிடையாது, கரண்ட் வந்ததும் நெட்ல இருந்துதான் நேரத்தைக் கேட்டுக்கும். கரண்ட்டும் நெட்டும் சேர்ந்து போயி கரண்ட் மட்டும் முதல்ல வந்துச்சுன்னா, நெட் வர்ற வரைக்கும் பழைய நேரத்துலயே எழுதிட்டு இருக்கும். அந்த மாதிரி நாள் லாக்ல நேரம் பின்னாடி குதிச்ச மாதிரி தெரியும், பயப்படாதீங்க, அந்தத் துண்டை மட்டும் ஆதாரமா எடுக்காதீங்க.

பிங் எல்லாம் ஓகேங்குது, ஆனா ஒரு பேஜும் திறக்க மாட்டேங்குது. இன்னொரு சைட் பிங்குக்கே வரலை, ஆனா பிரவுசர்ல நல்லாத் திறக்குது. எதை நம்புறது?

ரெண்டுமே நிஜம். பிங் கேக்குறது "மெஷின் இருக்கா"ன்னு, பேஜ் குடுக்குற வேலை வேற. வாசல்ல பெல்லடிச்சா ஆள் குரல் குடுப்பாங்க, அதுக்காக உள்ள சமையல் ஆயிடுச்சுன்னு அர்த்தமில்ல. சிலர் பெல்லையே கழட்டி வச்சிருப்பாங்க, பிங்கைத் தடுக்குற சர்வர் நிறைய உண்டு, விண்டோஸ் ஃபயர்வாலே பொது நெட்வொர்க்குன்னா வெளிய இருந்து வர்ற பிங்கைத் தடுக்கும்.

பேஜ் திறக்குதான்னு பாக்க கர்ல் வேணும், விண்டோஸ் 10ல 2018ல வந்த 1803 வெர்ஷன்ல இருந்து கூடவே வருது. மைனஸ் எம் 10 போட்டு 10 செகண்டுக்கு மேல காத்திருக்காதன்னு சொல்லிடுங்க. முடிவு நம்பரை லாக்ல எழுதுங்க, 6ன்னா பேரு கண்டுபிடிக்க முடியலை, 7ன்னா கனெக்ட் ஆகலை, 28ன்னா நேரம் முடிஞ்சுது, 60ன்னா சர்ட்டிஃபிகேட் கோளாறு. வெறும் டவுன்னு எழுதுறதைவிட இது எவ்ளோ மேல்.

நூலகம், மால்ல இருக்க பொது வைஃபைல இன்னொரு ஏமாத்து. லாகின் பண்ணாத வரைக்கும் எந்த பேஜைக் கேட்டாலும் லாகின் பேஜையே குடுக்கும், ஸ்கிரிப்ட் பேஜ் வந்துச்சுன்னு ஓகே போட்டுடும். அதனால வந்துச்சான்னு மட்டும் பாக்காம என்ன வந்துச்சுன்னு பாருங்க. ஆண்ட்ராய்டு போன் செய்யுறது இதைத்தான், 204ங்கிற வெறும் பதில் வரவேண்டிய இடத்துல வேற ஏதாவது வந்தா சைன் இன் பண்ணுன்னு உங்ககிட்ட கேக்கும்.

ஸ்கிரிப்ட் ஒரு தடவை ஓடி முடியறதுக்குள்ள அடுத்தது ஆரம்பிச்சா?

காத்திருக்குற நேரத்தைக் கட்டிப் போட்டா பெரும்பாலும் வராது, ஒவ்வொரு இடத்துக்கும் 3 பிங், ரெண்டு ரெண்டு செகண்டுன்னா மூணு இடமும் செத்திருந்தாலும் அரை நிமிஷத்துக்குள்ள முடியும். டாஸ்க் ஷெட்யூலர் ஏற்கெனவே ஒண்ணு ஓடிட்டு இருந்தா புதுசைத் தொடங்காது. கிரான் அப்படி இல்ல, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிட்டே போகும், ஸ்கிரிப்ட் பேருக்கு முன்னாடி எஃப்லாக் (flock) கமாண்டை மைனஸ் என் போட்டு வச்சுட்டா ரெண்டாவது ஆள் கதவு பூட்டியிருக்குன்னு திரும்பிப் போய்டுவார்.

ஆபீஸ் சர்வரை செகண்டுக்கு ஒருக்கா பிங் பண்ணி வைக்கவா? பாஸ் மெச்சுவார்ல?

ஐடி ஆளுங்ககிட்ட கேக்காம பண்ணாதீங்க. உங்களுக்கு அக்கறை, அவங்க கண்ணுக்கு ஏதோ ஒரு லேப்டாப் சந்தேகமா தட்டிக்கிட்டே இருக்கு. வேற ஆளோட சர்வரைத் திணற அடிக்கிற மாதிரி அனுப்புறது இங்க கம்ப்யூட்டர் மிஸ்யூஸ் ஆக்ட்ல போய் முடியும், 1993ல வந்த சட்டம். 5 நிமிஷத்துக்கு மூணு பிங் யாரையும் தொந்தரவு பண்ணாது, அந்த அளவோட நிறுத்திக்கோங்க.

கடைசியா, இந்த லாக்கை டெல்கோகிட்ட காட்டினா ஏத்துப்பாங்களா?

ஆதாரம்னு சீல் குத்தித் தரமாட்டாங்க, ஆனா பேச்சு மாறும். வைஃபைல எடுத்த லாக்னா உங்க வைஃபைதான் காரணம்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க, அதனால அந்த மெஷினை கேபிள்ல ரூட்டரோட நேரா மாட்டி ஒரு வாரம் ஓட விடுங்க. ரூட்டர் ஓகே, வெளி நம்பர் டவுன்ங்கிற வரிகளை மட்டும் எடுத்து, தேதி, ஆரம்பிச்ச நேரம், முடிஞ்ச நேரம்னு மூணு காலமா எழுதுங்க, அந்த வாரத்துல சேர்ந்த 2016 வரியையும் அப்படியே தூக்கி அனுப்பினா யாரும் படிக்க மாட்டாங்க.

டெல்கோகிட்ட காட்டுற லாக்குக்கு வெளி நம்பர் ஒண்ணை மட்டும் வச்சு முடிவு கட்டாதீங்க, 1.1.1.1, 8.8.8.8 ரெண்டும் ஒரே நேரத்துல போனாத்தான் லைன் போச்சுன்னு சொல்லலாம், ஒண்ணு மட்டும் போனா அந்தப் பக்கம் ஏதோ. அதே நேரத்துல ஓஎன்டி பாக்ஸ்ல எல்ஓஎஸ்ங்கிற லைட் சிவப்பா எரிஞ்சுதான்னு பாத்து ஒரு போட்டோ எடுத்து வச்சிடுங்க, ஃபைபர்ல சிக்னலே வரலைன்னு அர்த்தம். நம்ம வீடுங்களுக்கு வர்ற ஃபைபர் நெட்லிங்க் டிரஸ்ட்ங்கிற வேற நிறுவனத்தோடது, டெல்கோ அதுக்கு மேல சேவை தர்றவங்க, அதனால சிவப்பு லைட்டுன்னு சொன்னா அதைப் பாக்க வேற ஆள் வரவேண்டியிருக்கும்.

எங்க புளோக்ல பத்தாவது மாடி அக்கா ஒருத்தங்க இப்படித்தான் ஒரு பேப்பர்ல பதினோரு வரி எழுதி போட்டோவோட வச்சிருந்தாங்க. வந்த டெக்னீஷியன் வரியைப் படிச்சிட்டு ரூட்டர் பக்கமே போகலை, நேரா சோபாவைத் தள்ளச் சொல்லி பின்னாடி சுவத்துல இருக்க ஃபைபர் பாயிண்ட்டைப் பாத்தார். சோபா கால் மெல்லிசான அந்த ஃபைபர் வயரை மடிச்சு வச்சிருந்துச்சு, யாராவது சாஞ்சு உக்காரும்போதெல்லாம் லைன் போயிருக்கு. பதினோரு வரியில ஒன்பது வரி, தாத்தா செய்தி பாக்க உக்கார்ற நேரம்.